விரல் தூக்காத சாலை

மார்னிக்கு ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார வராது. காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவள் அம்மா நோரீன் சொல்வாள். அப்பேர்ப்பட்டவள் அந்தத் திங்கட்கிழமை மதியம் அப்பாவின் டிரக்குக்குள் இரண்டு மணி நேரம் மல்லாந்து கிடந்தாள். தலை பிரேக் பக்கம், கால்கள் சீட்டின் மேலே, வாயில் ஒரு குட்டி டார்ச். டிரக்கில் கேமரா பொருத்துகிற வேலை. அப்படி ஒன்று இருப்பதே வெளியில் தெரியக் கூடாது என்பதுதான் அதில் பாதி வேலை.

நிபந்தனை போட்டது அப்பா வெர்லின். முன்கண்ணாடியில் கேமராவை ஒட்டிக்கொண்டு வருகிறவன், எதிரே வருகிறவர்களையெல்லாம் திருடன் என்று சொல்லாமல் சொல்கிறான் என்பது அவர் கட்சி. நெப்ராஸ்காவின் மணல்மேட்டுப் பக்கத்தில் அது பெரிய அவமதிப்பு. அங்கே பண்ணைக்கும் பண்ணைக்கும் நடுவில் நாலு மைல், ஐந்து மைல். மனிதர்கள் குறைவு. அந்தக் குறைந்த மனிதர்களையும் பகைத்துக்கொண்டால் பிறகு மாட்டோடுதான் பேச வேண்டும்.

"எவனாவது அதைப் பாத்து என்னன்னு ஒரு வார்த்தை கேட்டான்னு வையி, புடுங்கி மாட்டுத் தொட்டியில போட்டுருவேன்" என்றார் வெர்லின்.

அப்படிப்பட்டவரே கேமராவுக்குச் சம்மதித்தார் என்றால், காரணம் போன வியாழக்கிழமை நடந்தது.

அவர்கள் பக்கத்துத் தார்ச்சாலை ஒற்றை வண்டி அகலம்தான். எதிரே ஒரு வண்டி வந்தால், இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு வலது சக்கரங்களைப் புல்லில் இறக்கி, பாதித் தாரை மற்றவருக்கு விட வேண்டும். விட்டுக்கொடுக்கும் அந்த நொடியில், ஸ்டியரிங்கின் உச்சியில் கிடக்கும் கையிலிருந்து ஆள்காட்டி விரல் ஒன்று எழும்பும். அவ்வளவுதான் வணக்கம். நின்று பேச நேரமில்லாதவர்களுக்கு அதில் எல்லாம் அடக்கம். நல்லா இருக்கியா, மழை வருமா, உன் மாடு என் வேலிக்குள்ள வந்துச்சு, பரவாயில்ல, எல்லாமே அந்த ஒரு விரலில்.

வியாழக்கிழமை காலை வெர்லின் கிழக்கு மேய்ச்சலுக்குப் போகும்போது, பக்கத்துப் பண்ணை ஆரின் தன் சாம்பல் நிற டிரக்கில் எதிரே வந்திருக்கிறார். புல்லில் இறங்கவில்லையாம். நடுச்சாலையிலேயே வந்து வெர்லினின் இடது பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டாராம். விரலும் தூக்கவில்லையாம். வெர்லின் நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் தொப்பியை மேசையில் அடித்து வைத்தார்.

அவருக்கு இது ஒரு நாள் கோபம் இல்லை. போன இலையுதிர் காலத்தில் தன் நிலத்தில் மூன்று காற்றாலை நிறுத்தக் கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூட ஜிம்மில் கூட்டம் போட்டபோது ஆரின் எழுந்து நின்று, வானத்தில் விசிறி மாட்டுகிறவர்களைப் பற்றி ஏதோ கிண்டலடித்தார். அதற்குப் பிறகு ஊரே தன்னைத் தள்ளி வைத்துவிட்டது என்று வெர்லின் கணக்குப் போட்டுவிட்டார். சாலையில் ஒருவரும் விரல் தூக்குவதில்லை. இவர் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு அப்புறம் இவரும் நிறுத்திக்கொண்டார்.

இதில் நிஜமாகவே கழுத்தைப் பிடிப்பது என்னவென்றால், மே மாதம் பிறந்துவிட்டது. அடுத்த வாரச் சனிக்கிழமைக்குள் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போட்டாக வேண்டும். இருநூறு கன்றுகள். அந்தப் பக்கத்தில் யாரும் இதைக் கூலி ஆள் வைத்துச் செய்வதில்லை. நீ என் கன்றைப் பிடி, நான் உன் கன்றைப் பிடிக்கிறேன் என்று பண்ணை பண்ணையாகச் சுற்றி வருவார்கள். பத்து வீட்டுக்கும் போன் போட்டு நாள் சொல்வது பண்ணைக்காரர் கடமை. வெர்லின் இன்னும் ஒரு வீட்டுக்கும் போடவில்லை. என்னைப் பார்த்து விரல் தூக்காதவன் என் கன்றைத் தொட வேண்டாம் என்றார். ஆரின் நடுச்சாலையில் வந்ததைப் படம் பிடித்து அவர் மூஞ்சிக்கு நேரே காட்டுவேன், அதற்கப்புறம் பார்க்கலாம் என்றார்.

அதனால்தான் மார்னி மல்லாந்து கிடந்தாள். நகரத்தில் இரண்டு வருடம் வண்டிகளின் மின்வேலை படித்துவிட்டுப் போன கோடையில்தான் திரும்பியிருந்தாள். இந்த மாதிரி வேலை என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

கேமரா ஒரு தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது, கறுப்பு. உள்கண்ணாடியின் காம்புக்குப் பின்னால், டிரக்கோடு பிறந்தது போல ஒட்டினாள். கூரைத் துணியின் விளிம்பைப் பிளாஸ்டிக் நெம்பியால் லேசாக விலக்கி, வயரை விரலால் அழுத்தி அழுத்தி உள்ளே தள்ளினாள். முன்கண்ணாடி ஓரத் தூணின் மூடியைக் கழற்றினால், உள்ளே ஏர்பேக் மடித்துக் கிடந்தது. சோம்பேறிகள் வயரை அதன் மேலேயே இழுத்துவிடுவார்கள். மோதல் என்று வந்து பை விரிந்தால் அந்த வயரே கழுத்தை அறுக்கும். அவள் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து, பழைய வயர்க்கட்டோடு சேர்த்துக் கட்டி, டேஷ்போர்டுக்குக் கீழே ஃபியூஸ் பெட்டிக்குக் கொண்டுபோனாள். சாவியைத் திருகினால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸ் ஒன்றைத் தேடி, அதில் ஒரு கிளை எடுத்தாள். மூடிகளைப் படக் படக்கென்று தட்டிப் பூட்டினாள். முன்கண்ணாடியை வினிகர் போட்டு இரண்டு முறை துடைத்தாள், கேமராவுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டுமே.

வெர்லின் வந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"எங்க?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். அவர் குனிந்தார், நிமிர்ந்தார், இன்னும் கிட்டே போனார். தெரியவில்லை என்றார். மார்னிக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஆனா கண்ணாடியத் தொடைக்கல பாரு. பால் ஊத்தின மாதிரி இருக்கு."

"ரெண்டு தடவ தொடச்சேன்ப்பா."

"மூணாவது தடவ தொடை."

முணுமுணுத்துக்கொண்டே மூன்றாவது தடவையும் துடைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மாலை, வண்டி முற்றத்துக்கு வந்ததும் வராததுமாகப் போனில் படங்களை இறக்கினாள். நாலு மணி நேரப் படம். நாலு மணி நேரமும் ஒரு கிடாரி, டிரக்கின் மூக்கை நக்கிக்கொண்டிருந்தது. வேறு எதுவும் இல்லை. மார்னி தலையில் அடித்துக்கொண்டாள். தப்பு அவளுடையதுதான். அந்த ஊரில் யாராவது சாவியைக் கழற்றுவார்களா? வெர்லின் வண்டியை மேய்ச்சலில் நிறுத்தும்போது சாவியை ஒரு படி திருகியே விட்டுவிடுவார், ரேடியோவில் மாட்டு விலை கேட்க வேண்டும். ரேடியோ ஓடினால் கேமராவும் ஓடும். கார்டு நிறைந்ததும் பழைய படத்தை அழித்துப் புதியதை எழுதும். காலையில் ஆரின் எதிரே வந்ததைக் கிடாரியின் நாக்கு அழித்துவிட்டது. படித்த படிப்பெல்லாம் தண்டம் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு ஓடைக்கரைக்கு ஓடினாள். மான் பார்க்க மரத்தில் கட்டி வைத்திருந்த கேமராவிலிருந்து பெரிய கார்டைப் பிடுங்கி வந்து மாற்றினாள்.

புதன்கிழமை படம் விழுந்தது.

வைக்கோல் கொட்டகையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். காலை ஏழு பத்து. எதிர்வெயில். சாம்பல் டிரக் மேட்டின் மேல் ஏறி வருகிறது. நன்றாகவே வருகிறது. கிட்டே வந்ததும் வலது சக்கரங்கள் இரண்டும் புல்லில் இறங்குகின்றன. அப்பாவின் வண்டி என்ன செய்கிறது என்று பார்த்தாள். இறங்கவில்லை. தாரின் நடுவிலேயே, கோடு கிழித்தாற்போல் போகிறது. படத்தை நிறுத்தினாள். பெருக்கினாள். ஆரினின் ஸ்டியரிங் மேல் ஒரு விரல் எழுந்து நின்றது.

வாளியை விட்டு எழுந்துவிட்டாள். நடந்துகொண்டே மீதியைப் பார்த்தாள். தபால்காரம்மா, விரல். தண்ணீர்த் தொட்டிக்காரர், விரல். புதிதாகக் கல்யாணமான ஜோடி, ஆளுக்கொரு விரல். அன்றைக்கு அப்பாவைக் கடந்த நாலு வண்டியிலும் விரல் எழுந்தது.

அதோடு இன்னொன்று. கேமராவில் ஒலிப்பதிவை அணைக்க மறந்திருந்தாள். ஒவ்வொரு வண்டி கடந்ததும் அப்பாவின் குரல் கேட்டது, தனக்குத் தானே, மிக மெதுவாக. "இல்ல." அடுத்த வண்டி. "இவனும் இல்ல." தபால்காரம்மாவுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். "அட, இவளுமா."

மார்னி போனை அணைத்தாள். மறுபடி போட்டாள். கொட்டகையைச் சுற்றி ஆறு நடை நடந்தாள். பால் ஊற்றின மாதிரி இருக்கிறது என்றாரே, அது அவள் காதில் இப்போதுதான் விழுந்தது.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. உனக்குக் கண் தெரியவில்லை என்றால், அடுத்த வார்த்தை சாவியைக் கொடு என்பதுதான். பன்னிரண்டு வயதிலிருந்து வண்டி ஓட்டுகிற மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினாள். அடுத்த இரண்டு நாளும் நானே டிரக்கை ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். வேலி கட்டுகிற வேலையைக் கொடுத்து விரட்டிவிட்டார். சூரியகாந்தி விதையை மென்று மென்று அவள் நாக்கு புண்ணாகிவிட்டது.

வியாழக்கிழமை படத்தில், ஆரின் ஒரு விரலுக்குப் பதிலாக முழுக் கையையும் தூக்கினார். "இல்ல" என்றது அப்பாவின் குரல். வெள்ளிக்கிழமை படத்தில் ஆரின் ஜன்னலைத் திறந்துவிட்டு, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி வெளியே நீட்டி ஆட்டினார். அறுபத்தாறு வயது மனிதர், வெயில் படாத வெள்ளை நெற்றி பளபளக்க, தோட்டத்தில் காக்கை விரட்டுகிறவர் மாதிரி. அதை ஆட்டிக்கொண்டே, வெர்லினின் வண்டி விலகாததால், நாலு சக்கரத்தையும் புல்லில் இறக்கிப் பள்ளத்தில் சாய்ந்தார். மயிரிழை. அப்பாவின் குரல் சொன்னது: "நடு ரோட்டுலயே வரான் பாரு."

அன்று சாயங்காலம் நோரீன் சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் வைத்தாள். வெர்லின் தட்டைப் பார்க்காமலே சாப்பிட்டார். நாளைக் காலையில் ஆரின் வீட்டுக்குப் போகிறேன், இது வரைக்கும் என்ன விழுந்திருக்கிறதோ அதை எடுத்து வை என்று மகளிடம் சொன்னார். சூடு போடுவதற்கு யாரையும் கூப்பிடப் போவதில்லை, வீட்டில் இருக்கிற மூன்று பேரே போதும் என்றும் சொன்னார்.

"மூணு பேரு, இருநூறு கன்னு" என்றாள் நோரீன். "கன்னுங்களே ஒண்ணையொண்ணு புடிச்சுக் கொடுத்துக்குமாக்கும்."

மார்னி நாற்காலியில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்ந்துகொண்டே இருந்தாள். பிறகு அம்மா பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்று தொப்பிப் படத்தைக் காட்டினாள். நோரீன் ஈரக் கையோடு போனை வாங்கி, முழுதும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கண்புரையாகத்தான் இருக்கும், அவருடைய அப்பாவுக்கும் இதே வயதில் வந்தது, டாக்டரிடம் நான் நேரம் வாங்குகிறேன் என்றாள். சொல்ல வேண்டியது மட்டும் நீதான், கேமரா வைத்தவள் நீ என்றாள்.

சனிக்கிழமை காலை வெர்லின் டிரக்கில் ஏறி உட்கார்ந்து, இன்ஜினைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். மார்னி பக்கத்து சீட்டில் ஏறினாள். போனை நீட்டினாள். நேற்றைய படம். அவர் அதைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, பிறகு மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்து, பிறகு மறுபடி தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"பாத்தியா? நான் சொன்னது சரிதான? விரல் எங்க?"

மார்னியின் கால் ஆடுவது நின்றுவிட்டது. வாழ்நாளில் அப்படி அசையாமல் அவள் இருந்ததில்லை.

"அப்பா, அங்க உனக்கு என்னெல்லாம் தெரியுது?"

"அவன் வண்டி."

"அவன் கையில?"

"கை எங்க தெரியுது? இத்துனூண்டு போனு."

அவள் படத்தை நிறுத்தி, இரண்டு விரலால் பெருக்கினாள், இன்னும் பெருக்கினாள், திரை முழுக்க ஒரே ஒரு பொருள் நிறைகிற வரைக்கும். அவர் கையில் கொடுத்தாள்.

வெர்லின் நெடுநேரம் பார்த்தார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"தொப்பி" என்றார்.

"யாரோடது?"

"ஆரினோடது." கொஞ்சம் பொறுத்து, "ஜன்னலுக்கு வெளிய எதுக்கு வச்சிருக்கான்?"

"நீ பாக்கணும்னுதான்."

அப்புறம் வியாழக்கிழமையின் கையைப் பெருக்கிக் காட்டினாள். புதன்கிழமையின் விரலைக் காட்டினாள். தபால்காரம்மாவை, தொட்டிக்காரரை, புது ஜோடியை. கடைசியாக, சாலையின் நடுவில் நேராகப் போகும் அவர்களுடைய சொந்த டிரக்கின் மூக்கையும், அதற்கு வழிவிட்டுப் பள்ளத்தில் சாயும் சாம்பல் டிரக்கையும். ஒலியை மட்டும் அணைத்து வைத்திருந்தாள். அதை அவர் கேட்க வேண்டியதில்லை.

வெர்லின் போனை முழங்காலின் மேல் கவிழ்த்து வைத்தார். குளிர்காலத்திலிருந்தே அப்படித்தான் என்றார். காலை வெயிலில் எல்லாம் பால் கலந்த மாதிரி ஆகிவிடுகிறது. எதிரே வண்டி வருவது தெரியும், வண்டிக்குள்ளே ஆள் தெரிவதில்லை. கண்ணாடி அழுக்கு என்றுதான் நினைத்திருந்தாராம்.

"நீ மூணு தடவ தொடச்ச" என்றார்.

"மூணு தடவ."

அவர் கதவைத் திறந்து இறங்கினார். டிரக்கின் மூக்கைச் சுற்றிக்கொண்டு, கையால் அதைத் தடவிக்கொண்டே இந்தப் பக்கம் வந்தார். மார்னியின் கதவைத் திறந்தார்.

"தள்ளி உக்காரு குட்டி."

அவள் ஸ்டியரிங்குக்கு நகர்ந்தாள். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், கடைசியில் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

ஆரின் வீடு வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது மேட்டிலேயே சாம்பல் டிரக் ஏறி வந்தது. பாவம், தொலைவிலேயே முழுதாகப் புல்லில் இறங்கி ஓரம் கட்டிவிட்டது. மார்னி வலது சக்கரங்களைப் புல்லில் இறக்கினாள், மெதுவாக்கினாள்.

"தொப்பிய எடுக்கறாரு" என்றாள் வாய்க்குள்ளேயே.

வெர்லினின் விரல் முழங்காலிலிருந்து எழுந்தது. பக்கத்து சீட்டில் இருப்பவர் தூக்க வேண்டும் என்று வழக்கமில்லை. இருந்தாலும் உயரமாகவே தூக்கினார்.

ஆரினின் தொப்பி அந்தரத்தில் நின்றுவிட்டது. இரண்டு டிரக்கும் ஜன்னலுக்கு ஜன்னல் நின்றன. இரண்டிலும் இடது பக்கக் கண்ணாடி இருந்த இடத்தில் சாம்பல் நிற ஒட்டுப்பட்டை சுற்றியிருந்தது. போன வாரம் வியாழக்கிழமை உடைந்தது ஒரு கண்ணாடி இல்லை, இரண்டு. ஆரின் அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விட்டிருக்கவில்லை.

"நீ செத்துட்டியோன்னு நெனச்சேன்" என்றார் ஆரின், மார்னியைத் தாண்டி வெர்லினைப் பார்த்து. "வண்டி மட்டும் பழக்க தோஷத்துல போய்ட்டு வருதாக்கும்னு."

"உன்னைப் புடிக்கத்தான் வண்டிக்குள்ள கேமரா வச்சேன்" என்றார் வெர்லின்.

ஆரின் அவர்களுடைய முன்கண்ணாடியை மேலும் கீழும் பார்த்தார். எங்கே என்று கேட்டார். மார்னி காட்டவில்லை.

"புடிச்சியா?"

"புடிச்சேன். தொப்பியோட." என்றார் வெர்லின். "எனக்குக் கண்ணு தெரியல ஆரின். நீ தூக்கினது ஒண்ணுமே தெரியல."

ஆரின் தொப்பியைத் தலையில் வைத்து, சரி பண்ணி, மறுபடி சரி பண்ணினார். வெர்லினுக்குக் காற்றாலைக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். ஜிம்மில் வாய் நீண்டுவிட்டது என்று பெண்டாட்டி தினமும் திட்டுகிறாள், அதனால்தான் விரலைக் கையாக்கி, கையைத் தொப்பியாக்கி ஊதிக்கொண்டே போனாராம். திங்கட்கிழமை சட்டையைக் கழற்றலாம் என்று இருந்தாராம்.

"அதை நான் பாக்காம இருந்தது என் புண்ணியம்" என்றார் வெர்லின்.

"சூடு என்னைக்கு?"

"வர்ற சனி. உன்னோட நல்ல கயிறைக் கொண்டா, போன வருஷம் கொண்டாந்தியே அது இல்ல."

"மத்தவங்களுக்கு நானே போன் போட்டுர்றேன். நீ போட்டா எவன் வீட்டுக்குப் போகும்னு உனக்கே தெரியாது."

சாம்பல் டிரக் தாருக்கு ஏறிப் போயிற்று. மார்னி வண்டியை மேய்ச்சலுக்கு ஓட்டினாள். கேமராவைக் கழற்றிவிடட்டுமா என்று கேட்டாள். வெர்லின் யோசித்தார். ஒளித்து வைத்தது பாவம், ஆனால் ஒளிந்திருக்கிற விதம் நன்றாக இருக்கிறது, கிடக்கட்டும் என்றார். டாக்டரிடம் போகும்போதும் நீதான் ஓட்ட வேண்டும் என்று, கேட்காமலே, அதையும் சொல்லிவிட்டார்.

மேட்டுக்கு மேலே இன்னொரு வண்டி வந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரு?"

"தபால்காரம்மா."

"தூக்கிட்டாளா?"

"இன்னும் கிட்ட வரட்டும்ப்பா."

அவர் அதற்குள் தூக்கிவிட்டார்.